யார் கையில் எந்தப் புத்தகம்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "நம்மளப் பத்தி ஒரு நல்ல கதை இருந்தாச் சொல்லுங்கக்கா." கேட்ட மாத்திரத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் முதல் ஒழுக்கம் என்று நினைக்கிறேன். கேள்வி ஒன்றுதான், கேட்கிற காரணங்கள் வேறு வேறு. ஒருவருக்குத் தன்னைப் போல இன்னொரு ஆள் இருப்பது தெரிய வேண்டும். ஒருவர் தன் அம்மாவிடம் கொடுக்க ஒரு புத்தகம் தேடுகிறார். மற்றொருவர் ஏற்கெனவே நிறைய வாசித்தவர். இந்த வாழ்க்கையைத் தமிழ் உரைநடை எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பார்க்க விரும்புகிறார். மூவருக்கும் ஒரே நூலைக் கொடுத்தால் இருவருக்காவது அது பயன்படாது. சில சமயம் காயப்படுத்தவும் செய்யும்.

பால்புதுமையினர் பற்றிய கதைகளை வாசிப்பதும், அவற்றைப் பற்றிப் பேசுவதும், தேவைப்படுகிறவரிடம் கொண்டுசேர்ப்பதும் நான் பல ஆண்டுகளாக விரும்பிச் செய்துவரும் வேலை. அதில் எனக்கு உறுதிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. கருத்து நூலைப் பற்றியது. பரிந்துரை ஆளைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர் எவ்வளவு தேர்ந்த ரசனை உடையவராக இருந்தாலும், அவர் கொடுக்கும் புத்தகம் போய்ச்சேர வேண்டிய இடத்தில் சேராது.

கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 இல் வந்தது. ஆணுக்கும் ஆணுக்குமான உறவை மறைக்காமலும், பரபரப்புக்காகக் கடைவிரிக்காமலும் எழுதிய தமிழ் நாவல். ஆதரவில்லாத சிறுவனான கணேசன் பணமும் செல்வாக்கும் உள்ள ஆண்களின் பிடியில் வளர்கிறான். பின்னாளில் தொழுநோய் அவனைப் பற்றிக்கொள்கிறது. உடலின் பசி, பணத்தின் பசி, அங்கீகாரத்தின் பசி என்று மனிதனைத் தோலுரித்துப் பார்க்கிற எழுத்து. சுதா ஜி. திலக்கின் மொழிபெயர்ப்பில் 2022 இல் ஆங்கிலத்துக்கும் போயிற்று. என் கருத்தைக் கேட்டால், தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தன் ஈர்ப்பை இதுவரை யாரிடமும் வாய்திறந்து சொல்லாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்க மாட்டேன். முதலில் ஆசை, பிறகு நோய் என்று வருகிற வரிசையை அவன் தண்டனையாகவே படிப்பான். நாவலாசிரியர் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை என்று நாம் விளக்கலாம். அந்த விளக்கம் இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் தனியாகப் படிக்கிறவனுக்குத் துணையாக இருக்காது.

ஆகவே பெயர் சொல்வதற்கு முன் நான் கேள்விகள் கேட்கிறேன். கடைசியாக முழுதாகப் படித்து முடித்த புத்தகம் எது? உங்களுக்காகவா, வேறு யாருக்காவதா? கதை துக்கமாக முடிந்தால் தாங்குமா, இப்போதைக்கு வேண்டாமா? தமிழில்தான் வேண்டுமா, ஆங்கிலமும் சிரமமில்லையா? இவ்வளவும் கேட்பேன், "நீங்கள் யார்?" என்று மட்டும் ஒருபோதும் கேட்பதில்லை. புத்தகம் கேட்க வருகிற ஒருவர் தன் அடையாளத்தை எனக்கு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தோழிக்காக என்று சொன்னால் தோழிக்காகத்தான். அந்த வாசலை அவர் விரும்புகிறவரை நாம் தள்ளித் திறக்கக் கூடாது.

இன்னொரு கேள்வியை மெதுவாகக் கேட்பேன்: "வீட்ல புத்தகம் எங்க வெப்பீங்க?" நம் வீடுகளில் தனி அறை என்பது பலருக்கு இல்லை. தங்கையோடு ஒரே அலமாரி, அண்ணனோடு ஒரே படுக்கை, விடுதியில் ஆறு பேருக்கு ஓர் அறை. அட்டைப்படம் தலைப்பைவிடச் சத்தமாகப் பேசும் நூல்கள் உண்டு. அதனால் இரவல் கொடுக்கும் எல்லாப் புத்தகங்களுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைக்கிறோம். ஒன்றுக்கு மட்டும் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சமையல் புத்தகத்துக்கும் அதே அட்டைதான். இரவல் பதிவேட்டில் நூலுக்கு எண் மட்டும் உண்டு. ஒரு புத்தகம் வீட்டில் பிடிபட்டதால் படிப்பையே விட நேர்ந்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இது அதிகப்படியான எச்சரிக்கையாகத் தோன்றாது.

முடிவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்வது வாசிப்பைக் கெடுக்கும் என்பது பொதுவான மரபு. எங்கள் அலமாரியில் அந்த மரபுக்கு விலக்கு உண்டு. யாரும் சாகிறார்களா, பிரிகிறார்களா, சேர்ந்து வாழ்கிறார்களா என்று கேட்கிறவருக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1952 இல் அமெரிக்காவில் மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' எழுதினார். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களின் காதல் கதை. அது மகிழ்ச்சியாக முடியக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்பே சொல்லிவிட்டார்; அப்படி முடித்தால் ஒழுக்கக்கேட்டைப் பரப்புவதாகச் சொல்லித் தபால் துறை பிரதிகளைப் பறிமுதல் செய்யும் என்பது அவருடைய அச்சம். நாவலில் ஒருத்தி மனநிலை குலைகிறாள், மற்றவள் தான் அவளை உண்மையில் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். மலிவுப் பதிப்பாக வந்த அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. காதலித்த பெண்களுக்கு என்ன ஆகும் என்பதை ஒரு தலைமுறை அப்படித்தான் படித்துத் தெரிந்துகொண்டது.

அதே 1952 இல் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயரில் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' வெளியிட்டார். கடையில் வேலை பார்க்கும் தெரஸும், விவாகரத்தின் நடுவில் இருக்கும் கேரலும் கடைசியில் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கிறார்கள். சாகாமல், பைத்தியம் பிடிக்காமல் முடிந்த அந்தக் கதைக்காக முகம் தெரியாத ஆசிரியருக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. தன் சொந்தப் பெயரை அந்த நூலில் ஹைஸ்மித் போட்டுக்கொள்ள 1990 வரை ஆயிற்று. இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14 இலேயே 'மாரிஸ்' நாவலை எழுதி, இரண்டு ஆண்களையும் சேர்த்துவைத்தே முடித்தார்; அது அச்சேறியது அவர் இறந்த மறு ஆண்டு, 1971 இல். மகிழ்ச்சியான முடிவு இந்த இலக்கியத்தில் எளிதாகக் கிடைத்த சௌகரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. தபால் துறையையும் சட்டத்தையும் மீறி எழுத்தாளர்கள் வாங்கிக்கொடுத்தது அது. அதைக் கேட்கிற வாசகரை முதிர்ச்சியற்றவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்படித் தேடிப் பரிந்துரைக்கும் வேலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜெனட் ஹவர்ட் ஃபாஸ்டர் ஒரு நூலகர். பாலியல் ஆய்வாளர் கின்சியின் நிறுவனத்திலும் நூலகராகப் பணியாற்றியவர். பெண்ணைப் பெண் காதலிக்கும் எழுத்துகளைப் பண்டைய கிரேக்கக் கவிஞர் சாஃபோவின் காலத்திலிருந்து தேடித் தொகுத்து, பதிப்பிக்க யாரும் முன்வராத நிலையில், 1956 இல் தன் கைக்காசைப் போட்டுப் புத்தகமாக்கினார். அவரைப் பின்பற்றிய பார்பரா கிரியர், ஜீன் டேமன் என்ற புனைபெயரில் 'தி லேடர்' என்ற லெஸ்பியன் பத்திரிகையில் தொடர்ந்து நூல் அறிமுகங்கள் எழுதினார். 1967 இல் அவர் வெளியிட்ட 'தி லெஸ்பியன் இன் லிட்டரேச்சர்' என்ற நூற்பட்டியலின் குறியீட்டு முறை என்னை மிகவும் கவர்ந்தது. பெண்களைக் காதலிக்கும் பெண்கள் முக்கியப் பாத்திரங்களாக வரும் நூலுக்கு ஏ, ஓரமாக வந்தால் பி, குறிப்பாக உணர்த்தினால் மட்டும் சி, வெறும் குப்பை என்றால் டி (T). இவற்றோடு தனியாக நட்சத்திரக் குறிகள். நூல் எந்த அளவுக்கு நம்மைப் பற்றியது என்பது ஓர் அளவுகோல், எவ்வளவு தரமானது என்பது வேறோர் அளவுகோல். இரண்டையும் அவர் ஒரே மதிப்பெண்ணில் சேர்த்துவிடவில்லை. நட்சத்திரமே இல்லாத 'ஏ' நூலை ஒருத்தி தேடிப் போகலாம். அந்த வாரம் அவளுக்குத் தேவைப்படுவது துணை, கலை அடுத்த வாரம். அவளுடைய தேவையை மதிக்கிற பட்டியல் அது. நானும் என் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாகத்தான் எழுதுகிறேன்.

நம் அலமாரிக்கு இந்த இரண்டு பத்திகளைப் பொருத்திப் பார்க்கிறேன். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பொறியியல் படிக்கும் சுயம்பு வீட்டாலும் கல்லூரியாலும் துரத்தப்பட்டு மேகலையாக மாறும் கதை. எழுதியவர் திருநங்கை அல்லர். வெளியிலிருந்து, பரிவோடு, பொது வாசகரை நோக்கி எழுதியவர். அதனாலேயே இன்றைய திருநங்கை வாசகர்கள் பலருக்கு அது திருப்தி தருவதில்லை. தங்களை இரக்கத்துக்குரியவர்களாகப் பார்க்கும் பார்வை அவர்களுக்குச் சலித்துவிட்டது. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் பத்திரிகைத் தொடர்கதை படித்தே வளர்ந்த ஓர் அம்மாவுக்கு அந்த நடை பழகிய நடை. எடுத்தால் வைக்க மாட்டார். தான் பெற்ற பிள்ளை பட்ட பாட்டை முதல்முறையாக அந்தப் பக்கங்களில் அவர் பார்க்கக்கூடும். பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் புத்தகத்தைத் தாய்க்குத் தயங்காமல் கொடுக்கிறேன்.

பிள்ளைக்கு வேறு புத்தகங்கள். தமிழில் இந்த வாசிப்பின் முதுகெலும்பு புனைகதையில் இருப்பதைவிடத் தன்வரலாற்றில் இருக்கிறது. கதை கேட்டு வருகிறவர்களிடம் அடிக்கடி தன்வரலாற்றைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007 இல் வந்தது. ஆ. ரேவதி முதலில் மற்றத் திருநங்கைகளின் வாழ்க்கைகளைக் கேட்டு 'உணர்வும் உருவமும்' தொகுத்தார். அவருடைய சொந்த வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010 இல் ஆங்கிலத்தில் முதலில் வந்து, பிறகு 'வெள்ளை மொழி'யாகத் தமிழில் வெளியாயிற்று. இவற்றைக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்: வீட்டிலும் தெருவிலும் அடி உண்டு, காவல் துறையின் வன்முறை உண்டு, திருநங்கைகள் 'நிர்வாணம்' என்று அழைக்கும் உறுப்பு நீக்கத்தின் வலி உண்டு. சொல்லிக் கொடுத்தால் வாசகர் தயாராகப் போவார். சொல்லாமல் கொடுத்தால் நம்மை நம்பி வந்தவரைத் தனியாக இருட்டுக்குள் அனுப்புகிறோம்.

புனைவில் திருநங்கை ஒருவரின் சொந்தக் குரல் வேண்டும் என்று கேட்டால் பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' இருக்கிறது. ஆண்களின் காதலையும் தனிமையையும் உள்ளிருந்து பேசும் எழுத்தைத் தேடுகிறவருக்குக் கிரீஷின் 'விடுபட்டவை'. பழைய எழுத்தில் ஆர்வம் உள்ளவருக்கு கி. ராஜநாராயணனின் 'கோமதி'. அதை எங்கள் வட்டத்தில் எப்போது எடுத்தாலும் விவாதம் மூளும். கி. ரா. பெண்தன்மை கொண்ட தன் பாத்திரமான கோமதியோடு சேர்ந்து சிரிக்கிறாரா, கோமதியைப் பார்த்துச் சிரிக்கிறாரா? இரண்டு பக்கமும் நல்ல வாசகர்கள் நிற்கிறார்கள். அந்த விவாதத்தை நான் முடித்துவைக்க முயல்வதில்லை. ஒரு சிறுகதை இவ்வளவு காலம் கழித்தும் மனிதர்களை இரண்டு அணியாகப் பிரிக்கிறதென்றால் அது உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு நான் அதிகம் கொடுத்த நூல் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்'. 1994 இல் வெளியானது. கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் வாழ்க்கையை ஆறு கதைகளில் சொல்கிறது. தொடர்புள்ள கதைகள் என்பதால் ஒரு வசதி: "முதல் கதைய மட்டும் படிச்சிட்டு வாங்க" என்று சொல்லலாம். தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். அர்ஜிதான் எப்போதும் மணப்பெண். புடவை கட்டிய கோலத்தில் அவனைப் பெரியவர்கள் பார்த்துவிடும் நாளோடு அந்தச் சுதந்திரம் முடிகிறது. பதின்மூன்று வயதில் தனக்கும் அது நடந்தது என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் கதைக்கு வருகிறவர்கள் பலர். போகப் போகப் புத்தகம் பெரிதாகிறது. அர்ஜி காதலிக்கும் ஷெஹான் சிங்களவன். வெளியே 1983 ஜூலை இனக்கலவரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இனமும் பாலும் ஒரே உடலில் எப்படிச் சேர்ந்து கிடக்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல் எனக்குத் தெரியாது.

கல்யாணப் பேச்சு நெருக்குகிற வயதில் இருப்பவர்களுக்கு எஸ். ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்'. 2017 இல் வந்த நாவல். அமெரிக்காவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் லக்கி. அவள் பெண்களை விரும்புகிறவள், அவள் கணவன் கிருஷ்ணா ஆண்களை விரும்புகிறவன். இருவரும் வீட்டாருக்காக ஒரு கல்யாணத்தை நடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது லக்கியின் பழைய காதலி நிஷாவுக்கு வரன் முடிகிறது. "இப்படி ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறேன்க்கா" என்று ஒருவர் சொல்லும்போது நான் அறிவுரை சொல்வதில்லை, இந்த நாவலைக் கொடுக்கிறேன். அந்த ஏற்பாட்டின் நிம்மதியும் அதற்குத் தருகிற விலையும் இரண்டுமே அதில் இருக்கின்றன. முடிவு அவருடையது.

பெற்றோர் வருவது அரிது. வந்தால் அவர்களுக்கு ஒரு செய்தியை முதலில் சொல்வேன். 2021 இல் தன்பாலீர்ப்புள்ள இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஈர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்த உத்தரவு அதன் பிறகு வந்தது. அவ்வளவு படித்த ஒருவரே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார் என்பது பல அப்பாக்களின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. பிறகு புத்தகம் கொடுப்பது எளிது.

இனி, கருத்து சொல்லும் முறை. எங்கள் வட்டத்தில் சில நியமங்கள் உண்டு. பாத்திரத்தைப் பற்றிப் பேசலாம், "இது உங்க சொந்த அனுபவமா?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வந்தவர்களின் பெயர் வாசலைத் தாண்டிப் போகக் கூடாது. "சூப்பர்", "மொக்கை" என்று சொல்லி நிறுத்தக் கூடாது. எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பிடிக்காததைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்ற நன்றிக்காக ஒரு பலவீனமான கதையைத் தூக்கிப் பிடிப்பது எழுதியவருக்கே செய்யும் அவமரியாதை. இப்படிப் பேசிப் பழகிய ஒருவர் தானாகவே நல்ல பரிந்துரையாளர் ஆகிவிடுகிறார். நூலில் மனிதர்களுக்கு என்ன நேர்கிறது, தனக்குள் அது என்ன செய்தது, யார் இப்போதைக்குத் தவிர்க்கலாம் என்ற மூன்றையும் அவரால் பிரித்துச் சொல்ல முடிகிறது.

புத்தகம் திரும்பி வரும்போதும் வேலை முடிவதில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்துல கொஞ்சம் மூடி வெச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த புத்தகம் இருக்கிறது. வன்முறையில் மூடினாரா, காதல் காட்சியிலா, அம்மா பேசும் இடத்திலா என்பது தெரிந்துவிட்டால் என் கை தானாகச் சரியான அடுக்குக்குப் போகும். பாதியில் திருப்பிக் கொடுத்தவரிடம் வருத்தம் கொள்ளக் கூடாது. அவருக்கு ஏற்றது அது இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

வாசகர்களின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஒரு நூலின் கதை போதும். ஆல்மா ரௌட்சாங், இசபெல் மில்லர் என்ற பெயரில், இரண்டு பெண்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் குடும்பம் நடத்தும் நாவலை எழுதினார். அதைத் தானே அச்சிட்டு 1969 இல் வெளியிட்டு, கையில் எடுத்துக்கொண்டு போய் விற்றார். 1971 இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் இயங்கிய தன்பாலீர்ப்பாளர் குழு தன் முதல் விருதை அதற்குத்தான் கொடுத்தது. அதன் பின்னர் 'பேஷன்ஸ் அண்ட் சாரா' என்ற பெயரில் பெரிய பதிப்பகம் அதை வெளியிட்டது. வாசகர்களும் நூலகர்களும் கைமாற்றிக் கைமாற்றி நகர்த்திய புத்தகம் அது. இங்கே 2018 முதல் குயர் சென்னை க்ரோனிக்கிள்ஸ் என்ற அமைப்பு நடத்திவரும் இலக்கிய விழாவும், சிறு பதிப்பகங்கள் துணிந்து போடும் சில நூறு பிரதிகளும் அதே வகையான உழைப்பு. இரவல் வாங்கிப் படித்தவர், வசதி இருக்கும்போது ஒரு பிரதி விலைக்கும் வாங்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது அதனால்தான். விற்காத நூல் மறுபதிப்பு காணாது. மறுபதிப்பு காணாத நூலை அடுத்த தலைமுறைக்கு யாராலும் பரிந்துரைக்க முடியாது.

கடைசியாக, கொடுக்க முடியாத புத்தகங்களைப் பற்றி. என் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது: கேட்டார்கள், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கிராமத்தில் சேர்ந்தே வயதாகிவிட்ட இரண்டு பெண்களின் கதை. அலுவலகத்தில் காதலில் விழும் திருநம்பியின் கதை. சாதியும் ஈர்ப்பும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்ளும் நாவல். யாரும் சாகாத, யாரும் ஊரைவிட்டு ஓடாத, மாலையில் இரண்டு ஆண்கள் சேர்ந்து காய்கறி வாங்கப் போகும் ஒரு சாதாரணத் தமிழ்க் காதல் கதை. இவற்றில் சில எங்காவது எழுதப்பட்டு என் கண்ணில் படாமல் இருக்கலாம். படித்தவர்கள் சொன்னால் மறுநாளே வாங்கிவைப்பேன். எழுதப்படாதவற்றுக்கு, எழுத்தாளர்களே, வாசகர் காத்திருக்கிறார். யாருக்காக எழுதுவது என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.